கடல் உப்பு வாங்கலாமா?

சின்னாளப்பட்டிக்குள் உப்பு வெகுகாலமாக இரண்டு வழியாக வந்துகொண்டிருந்தது. மளிகைக் கடைக்குப் பாக்கெட்டாக, சாயப்பட்டறைக்கு மூட்டையாக. தண்ணீரில் நனைந்த பருத்தி சாயத்தைச் சட்டென்று ஏற்காது, கொஞ்சம் தள்ளும். தொட்டியில் உப்பைப் போட்டால் அந்தத் தள்ளல் தணிந்து சாயம் நூலில் ஏறும். சுங்குடிச் சேலையின் அடர்ந்த நிறத்துக்குப் பின்னால் உப்பு மூட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

இப்போது மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது. திண்டுக்கல் சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடி பாட்டிலில், மூடியிலேயே அரைவை வைத்து, ‘இயற்கைக் கடல் உப்பு’ என்று எழுதி விற்கிறார்கள். சென்னையிலிருந்து வரும் பிள்ளைகள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, “அம்மா, இனி இதைத்தான் போடணும், பாக்கெட் உப்பெல்லாம் கெமிக்கல்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இந்த அத்தியாயம் அந்த அம்மாக்களுக்காக.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘கடல்’ என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் கல் உப்பே கடல் உப்புதான். பார்க்க வேண்டியது அயோடின் இருக்கிறதா என்பதை மட்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எந்த உப்பு கடல் உப்பு இல்லை?

பூமிக்கடியில் பாறையாகக் கிடக்கும் உப்பை வெட்டி எடுத்து, அதையே மேஜை உப்பாக விற்கும் நாடுகள் உண்டு. அங்கே கடல் உப்பு என்பது தனிச் சரக்கு. அதற்குத் தனி விலை வைப்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. நம் கதை வேறு. இந்தியாவில் சாப்பாட்டுக்கு வரும் உப்பில் பெரும்பகுதி கடல் நீரிலிருந்தோ, நிலத்தடி உவர்நீரிலிருந்தோ வெயிலில் காய்ச்சி எடுப்பது. உற்பத்தியில் முதலிடம் குஜராத்துக்கு. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம், ராமநாதபுரம் கரையோரம்.

நம் ஊரிலிருந்து மதுரை வழியாகச் சுமார் 200 கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி உப்பளம். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் விடுகிறார்கள். கடல் நீர் லிட்டருக்கு 35 கிராம் உப்பு கொண்டது. அது சுண்டிச் சுண்டி, அடர்த்திமானியில் 25 பாகையை நெருங்கும்போது உப்பு கட்ட ஆரம்பிக்கும். அதற்கு மேலும் ரொம்ப நேரம் விட்டால் மெக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதனால் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். பலகையால் வாரிக் கரையில் அம்பாரமாகக் குவித்துவைப்பார்கள். வடகிழக்கு மழை வருவதற்குள் வேலை முடிய வேண்டும். கண் கூசும் அந்த வெள்ளைக்குள் நின்று வேலை பார்ப்பவர்களின் பாட்டை அறிய நினைப்பவர்கள் ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ நாவலைத் தேடிப் படிக்கலாம்.

அம்பாரத்தில் இருப்பதை அப்படியே உடைத்துப் பையில் கட்டினால் கல் உப்பு. கழுவி, அரைத்து, உலர்த்தினால் பொடி உப்பு. அரைவை மூடி போட்ட பாட்டிலில் அடைத்தால் விலை பத்து மடங்குக்கு மேல். மூன்றுக்கும் தாய் அதே பாத்தி.

கடலில் அயோடின் இருக்குமே?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கடலில் அயோடின் இருப்பது உண்மை. எவ்வளவு என்பதுதான் விஷயம். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 60 மைக்ரோகிராம். அந்த ஒரு லிட்டரைக் காய்ச்சினால் 35 கிராம் உப்பு. உள்ளதெல்லாம் ஒரு துளி வீணாகாமல் உப்பிலேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் கிராமுக்கு இரண்டு மைக்ரோகிராம்கூடத் தேறாது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு தின்றால் கிடைப்பது பத்துக்கும் குறைவு. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. பாத்தியில் காயும்போது உள்ளதிலும் பெரும்பகுதி உப்போடு வருவதில்லை. ஆக, கடல் உப்பை நம்பி அயோடினை எதிர்பார்ப்பது கானல் நீரைக் குடத்தில் பிடிக்கிற கதை.

அதனால்தான் உப்பில் பொட்டாசியம் அயோடேட்டைத் தனியாகச் சேர்க்கிறார்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது அளவுகோல். முன்கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரியும் நோய். கண்ணுக்குத் தெரியாதது வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியில் விழும் குறை. அது தெரியவரும்போது சரிசெய்யக் காலம் கடந்திருக்கும்.

இதில் நம் மாநிலத்தின் நிலைமை பெருமைப்படும்படி இல்லை. 2018-19-ல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுவதும் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே கடைசி இடம். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கும் மாநிலம் உப்பில் மட்டும் ஏன் பின்தங்கியது? என் கணிப்பு, நமக்குக் கல் உப்பின் மேல் இருக்கும் பாசம்தான்.

பாசத்தில் தப்பில்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது. என் அப்பத்தா கல் உப்பு வாங்கிவந்ததும் முறத்தில் கொட்டி, கறுப்புக் கல்லைப் பொறுக்கி, ஒரு தண்ணீர் அலசி, வெள்ளை வேட்டியில் பரப்பி மொட்டை மாடியில் காயப்போடுவார். கீழே வடியும் தண்ணீர் மண் நிறத்தில் இருக்கும். “பாத்தியா, எம்புட்டு அழுக்கு!” என்பார். அவர் காலத்து உப்புக்கு அது சரி. இன்றைய கல் உப்பில் அயோடினைக் கரைசலாகத்தான் தெளிக்கிறார்கள். அது கல்லின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் அலசு அலசினால் அழுக்கோடு அதுவும் போய்விடும். இன்றும் நம் தெருக்களில் மாடிக்கு மாடி இந்த வேட்டியைப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய அயோடின் கூரைக் குழாய் வழியாகச் சாக்கடையில் ஓடுகிறது.

மண் உறுத்துகிறதா? அலசாதீர்கள். கரையுங்கள். ஒரு ஜாடித் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஓர் இரவு வையுங்கள். அழுக்கு அடியில் தங்கும், மேலே தெளிந்ததைக் கரண்டியால் எடுத்துக் குழம்புக்கும் ரசத்துக்கும் ஊற்றலாம். அயோடினும் கரைசலில் இருக்கும், அழுக்கும் தட்டில் வராது. கைப்பக்குவம் பிடிபட ஒரு வாரம் ஆகும், அதுவரை குறைவாகவே ஊற்றுங்கள்.

காந்திகிராமத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு

பக்கத்திலேயே காந்திகிராமம் இருப்பதால் இந்தப் பேச்சில் காந்தி வராமல் இருக்க மாட்டார். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததே, யாரும் உப்பு அள்ளலாம் என்பதற்காகத்தானே. இப்போது அயோடின் இல்லாத உப்பை விற்கக்கூடாது என்று சர்க்கார் சொல்வது நியாயமா என்று கதர் சட்டைக்காரர் ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார். அவர் தனியாள் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் வந்த தடையைக் காந்தியவாதிகள் பலர் எதிர்த்தார்கள். 2000-ல் மத்திய அரசு அதை விலக்கிக்கொண்டது. பிறகு மறுபடி யோசித்து, 2006 மே 17 முதல் மீண்டும் கொண்டுவந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்றது. ஆனால் புதிய ஏற்பாடு செய்ய அவகாசமும் கொடுத்தது. இப்போது உணவுப் பாதுகாப்பு விதிகளில் அதே கட்டுப்பாடு இருக்கிறது.

அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. சின்ன உப்பளக்காரருக்குத் தெளிப்பு இயந்திரமும் பரிசோதனையும் செலவுதான். ஆனாலும் சமையலறையில் நின்று முடிவெடுக்கும்போது நான் வயிற்றுப் பிள்ளையின் பக்கம்.

ஒரு விஷயத்தில் அந்தச் சட்டம் தாராளமாகவே இருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்கு, பதப்படுத்துவதற்கு, மருந்துக்கு, தொழிற்சாலைக்கு என்று எழுதி ஒட்டினால் அயோடின் இல்லாத உப்பை விற்கலாம். நம் ஊரில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சாயப்பட்டறை மூட்டையிலிருந்து இரண்டு படி அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவது இங்கே புதிதில்லை. “அதுவும் உப்புதானே?” என்பார்கள். உப்புதான். ஆனால் சாயத்துக்கு வந்த மூட்டை. அயோடினும் இல்லை, சாப்பாட்டுத் தரம் என்று யாரும் சோதித்துப் பார்த்ததும் இல்லை. வாசலில் சுற்றிப் போட அந்த உப்பு போதும். கண்ணேறுக்கு அயோடின் தேவைப்படாது.

ருசி வித்தியாசம் நிஜமா, மனப்பிரமையா?

இரண்டும். பாட்டில் உப்பின் படிகம் பெரியது, சில வகையில் செதில் செதிலாக இருக்கும். நாக்கில் மெதுவாகக் கரைந்து, பல்லில் நொறுங்கி, ஓர் இடத்தில் சுருக்கென்று உறைக்கும். அந்தச் சுகம் நிஜம். ஆனால் ரசத்தில் கரைந்த பிறகு எந்தப் பாத்தி உப்பு என்று கண்டுபிடிக்கும் நாக்கை நான் இன்னும் பார்க்கவில்லை. சரியாகக் கழுவாத கல் உப்பில் மெக்னீசியம் ஒட்டியிருந்தால் லேசான கசப்பு தட்டும். அதைத்தான் சிலர் ‘இயற்கை ருசி’ என்கிறார்கள்.

பெரிய வித்தியாசம் கரண்டியில் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தராசில் ஒரு தேக்கரண்டி பொடி உப்பை வழித்து நிறுத்தினேன்: 6 கிராம். அதே கரண்டியில் கல் உப்பு 4 கிராமும் கொஞ்சமும்தான் வந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இருப்பதால் இப்படி. கல் உப்பு உடம்புக்கு நல்லது, பிபி ஏறாது என்ற நம்பிக்கைக்கு இதுதான் அடிப்படை என்று நினைக்கிறேன். எடைக்கு எடை இரண்டிலும் சோடியம் ஏறத்தாழ 40 சதவீதம். கரண்டிக்குக் கரண்டி மட்டும்தான் குறைவு. கல் உப்பிலிருந்து பொடி உப்புக்கு மாறும் வீட்டில் பழைய அளவையே போட்டால் குழம்பு கரிக்கும். மூன்று கரண்டி போட்ட இடத்தில் இரண்டு போட்டுப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. இந்தியர்களின் சராசரி 8 கிராம் என்று 2017-18 தேசியக் கணக்கெடுப்பு சொன்னது, ஆண்கள் 8.9, பெண்கள் 7.1. நால்வர் வீட்டுக்கு இந்தக் கணக்கில் மாதம் ஒரு கிலோ உப்பு. பாக்கெட் உப்பென்றால் முப்பது ரூபாய்க்கு முன்பின் முடியும். கால் கிலோ நானூறு ரூபாய் என்று விற்கும் பாட்டிலானால் ஆயிரத்து அறுநூறு. சிலிண்டர் விலையைவிட அதிகம்.

கனிமச் சத்து என்று ஒரு வாதம் வரும். அதை நீட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டு உப்பில் குறைந்தது 96 சதவீதம் சோடியம் குளோரைடு. மீதியிலிருந்து வரும் மெக்னீசியத்தையும் கால்சியத்தையும் ஒரு கேழ்வரகு களி உருண்டை தோற்கடித்துவிடும்.

பிளாஸ்டிக், சயனைடு, இந்துப்பு

வாட்ஸாப்பில் சுற்றும் மூன்று பயங்களையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

பிளாஸ்டிக் பயத்தில் உண்மை இருக்கிறது. தூத்துக்குடி உப்பிலேயே 2020-ல் ஆய்வு வெளியானது. கடல் நீரில் எடுத்த உப்பில் கிலோவுக்குச் சராசரியாக 35 முதல் 72 நுண்பிளாஸ்டிக் துணுக்குகள். ஆழ்குழாய் உவர்நீரில் எடுத்ததில் 2 முதல் 29 வரை. கடலுக்கு அருகே போகப்போகப் பிளாஸ்டிக்தான் கூடுகிறது, பாட்டிலில் எழுதியிருக்கும் ‘தூய்மை’ அல்ல. அதற்காகப் பாக்கெட் உப்பு தப்பிவிட்டது என்றும் சொல்ல முடியாது. டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு 2024-ல் பத்து வகை உப்புகளைப் பார்த்தபோது எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் இருந்தது. அதிகம் இருந்தது ஒரு அயோடின் உப்பில். உப்பை மாற்றித் தப்பிக்கிற விவகாரம் இது இல்லை.

சயனைடு பயம் வெறும் பெயர்க்குழப்பம். பொடி உப்பு கட்டி பிடிக்காமல் இருக்க ஃபெரோசயனைடு என்ற பொருளை மிகமிகக் குறைந்த அளவில் சேர்ப்பார்கள். அதில் சயனைடு இரும்போடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. நம் அடுப்புச் சூட்டிலோ வயிற்றிலோ அது பிரிந்து விஷமாவதில்லை. மனசு கேட்கவில்லையா, அயோடின் போட்ட கல் உப்பு வாங்குங்கள். அதில் பெரும்பாலும் அந்தப் பொருள் இருக்காது. மழைக்காலத்தில் கசியும், அவ்வளவுதான்.

இளஞ்சிவப்பு இந்துப்பு இந்தியாவுக்குப் பெரும்பாலும் பாகிஸ்தான் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2025 மே மாதம் அங்கிருந்து இறக்குமதிக்கே தடை வந்ததும் விலை ஏறியது. வைத்தியர் சொன்ன சூரணத்துக்குப் போடுங்கள். தினக் குழம்புக்கு அதையே போட்டு, அயோடின் இல்லாமல் வருஷக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

சோடியம் குறைத்த உப்பு வேறு விஷயம். அதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. பெரியவர்கள் சாதாரண உப்புக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சில வகைப் பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் டாக்டரைக் கேட்காமல் இதை வைக்கவே கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

கடையில்

“அண்ணாச்சி, கல் உப்பு ஒரு கிலோ.”

“எதுக்குக்கா, ஊறுகாய்க்கா, சமையலுக்கா?”

இப்படித் திருப்பிக் கேட்கும் கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். ஏனென்றால் அவரிடம் இரண்டு ரகம் இருக்கும். பாக்கெட்டைத் திருப்பி ‘அயோடின் கலந்த உப்பு’ என்ற சொல்லைத் தேடுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும், அடைத்த மாதமும் இருக்க வேண்டும். ‘உண்பதற்கல்ல’, ‘தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு’ என்று மூலையில் பொடி எழுத்தில் இருந்தால் கீழே வையுங்கள். கடை வாசலில் வெயிலும் மழையும் படச் சாக்கில் திறந்து கிடக்கும் உப்பும் வேண்டாம். கசிந்து வடியும் நீரோடு அயோடினும் இறங்கிவிடும். ஓரமாக இருக்கும் மூட்டையைத் தூக்கிப் பாருங்கள், அடியில் ஈரத்தடம் தெரியும்.

நீல முத்திரையில் கூட்டல் குறியோடு ‘எஃப்’ எழுத்து போட்ட பாக்கெட் சத்து கூட்டிய உப்பு, அதாவது இரும்பும் அயோடினும் சேர்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் 1974 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசு உப்புக் கழகம் இந்த வகையைத் தயாரிக்கிறது. பள்ளிச் சத்துணவுக்கும் கொடுக்கிறது. வளரும் பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சில சமையலில் நிறம் லேசாக மங்கும், பயப்பட வேண்டாம்.

வீட்டில் இரண்டு டப்பா போதும். ஒன்றில் அயோடின் பொடி உப்பு: தயிர் சாதம், சட்னி, பொரியல், மேலே தூவுகிற எல்லாவற்றுக்கும். இன்னொன்றில் அயோடின் போட்ட கல் உப்பு: குழம்பு, மாவு ஆட்டும்போது, சோறு வடிக்கும் தண்ணீர், ஊறுகாய். கல் உப்பு ஊறுகாய்க்கு ஏன் உகந்தது என்றால், மெதுவாகக் கரைந்து காயின் நீரை மெதுவாக இழுக்கும். கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்த்த பொருள் இல்லாததால் ஊறிய தண்ணீரும் கலங்காது. உப்பு நார்த்தங்காய்க்கு எங்கள் வீட்டுக் கணக்கு கிலோவுக்கு 200 கிராம். சுருளாக நறுக்கி, உப்பை உள்ளே அடைத்து, தினம் ஒருமுறை குலுக்கி, நான்காம் நாள் வெயிலில் வைத்தால் சரியாக வரும். அயோடின் போட்டால் ஊறுகாய் கறுத்துவிடும் என்பார்கள். நான் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தேன், நார்த்தங்காய்க்கு வித்தியாசம் தெரியவில்லை.

டப்பாவை அடுப்புக்கு எட்டத்தில், மூடி இறுக்கமாக வையுங்கள். பழைய உப்பு மரவை அழகாக இருக்கும், மூடி சரியாக உட்காராது, காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். ஈரக்கையை உள்ளே விடாதீர்கள். கொதிக்கும்போதும் அயோடின் கொஞ்சம் போகும் என்பதால், இறக்குவதற்குச் சற்று முன் உப்புப் போடும் பழக்கம் நல்லது. பருப்பு வேகும் குக்கரிலேயே போட்டுவிடாமல் தாளித்துக் கொட்டும் நேரத்தில் போடுங்கள்.

பிள்ளை ஆசையாக வாங்கிவந்த பாட்டில் ஏற்கெனவே அலமாரியில் இருந்தால்? தூக்கிப் போட வேண்டாம், குழம்பிலும் கொட்ட வேண்டாம். சித்திரையில் பச்சை மாங்காயைக் கீறி, மிளகாய்ப் பொடியோடு அந்தப் பாட்டிலை இரண்டு திருகு திருகித் தூவுங்கள். கொய்யாவுக்கும், அவித்த முட்டைக்கும் அப்படியே. பல்லில் நறுக்கென்று கடிபட்டுக் கரையும் இடத்தில்தான் அந்த உப்புக்கு மரியாதை. இப்படிப் போட்டால் ஒரு பாட்டில் மாங்காய்க் காலம் முழுக்க வரும். தீர்ந்ததும் அரைவை மூடியைக் கழற்றிவிட்டு, இறுக்கமான வேறு மூடி பார்த்துப் போட்டு, அண்ணாச்சி கடைக் கல் உப்பை அதில் நிரப்பிக்கொள்ளுங்கள்.